தவளைக்கு மீட்டர் மாட்டிய மூன்று நாள்

சிங்கப்பூரிலிருந்து லீவில் வருகிறவனிடம் சொந்தக்காரர்கள் கேட்கிற சாமான்களுக்கு ஒரு வரிசை உண்டு. தலைவலித் தைலம், வாசனை சோப்பு, டார்ச் லைட், கொஞ்சம் உரிமையுள்ளவர்களாக இருந்தால் டேப் ரெக்கார்டர். என் அத்தான் அருளப்பன் மட்டும் தனி ரகம். எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டு, "மாப்ள, சைக்கிள்ல மாட்டுவாங்களே, நம்பர் காட்டுற ஸ்பீடாமீட்டர், அதுல ஒண்ணு கொண்டாந்துடு. சோப்பு கீப்பு ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு, நான் எதுவும் கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

சிங்கப்பூரில் எட்டு வருஷமாக எனக்குச் சைக்கிள் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சைக்கிள் மிதிக்கிற பணக்காரர்களுக்கு இந்த மீட்டரைத் தினம் ஒன்றிரண்டாவது மாட்டிக் கொடுக்கிறேன். சக்கரக் கம்பியில் ஒரு சின்னக் காந்தம், அது சுற்றி வரும்போது உரசாமல் கடந்து போகிற இடத்தில் ஒரு சென்சார், ஹேண்டில்பாரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. காந்தம் ஒரு தடவை கடந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றியதாக டப்பா எண்ணிக்கொள்ளும். சக்கரத்தின் சுற்றளவை நாம் சொல்லிவிட்டால் வேகம், தூரம் எல்லாவற்றையும் அதுவே கணக்குப் போட்டுவிடும். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். அதனால் அத்தான் வைத்திருப்பது என்ன சைக்கிள் என்று கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

புதன்கிழமை காலை பஸ் ஏறினேன். நான் திருச்சிக்காரன். எந்தத் தெருவில் நின்றாலும் மலைக்கோட்டை தெரிகிற ஊரில் வளர்ந்தவனுக்கு, அக்காவைக் கட்டிக்கொடுத்த திருத்துறைப்பூண்டிப் பக்கம் இன்றைக்கும் வெளியூர்தான். மேடு என்று சொல்ல ஆற்றங்கரையைத் தவிர ஒன்றும் கிடையாது. கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். ஆனால் அந்த வருஷம் வயல் பச்சையாக இல்லை, உழுது போட்ட புழுதியாகக் கிடந்தது. மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று பஸ்ஸில் முன் சீட்டுக்காரரும் பின் சீட்டுக்காரரும் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

மன்னார்குடி தாண்டிப் பத்து நிமிஷம் போயிருப்போம், பின் டயர் பஞ்சர். சிங்கப்பூரில் பஸ் நின்றால் இன்னொரு பஸ் வரும், ஆட்கள் ஒரு வார்த்தை பேசாமல் மாறி உட்காருவார்கள். இங்கே இறங்கியவர்களில் பாதிப் பேர் மெக்கானிக் ஆகிவிட்டார்கள். ஜாக்கியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு கட்சி ஏற்பட்டது. டிரைவர் யார் பேச்சையும் காதில் வாங்காமல் பீடி பற்றவைத்துக்கொண்டு புளியமரத்தடிக்குப் போய்விட்டார்.

எனக்குப் பக்கத்தில் கருவாட்டுக் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். கடற்கரைப் பக்கம், மீன்பிடிக்கிற குடும்பம்.

"எந்த ஊருலேருந்துப்பா வர்ற?"

"சிங்கப்பூருங்கம்மா."

"எம் மவனும் அங்கதான் இருக்கான். முருகையன்னு பேரு. பாத்திருக்கியா?"

"இல்லீங்கம்மா. அது பெரிய ஊரு."

"எல்லாரும் இதையே சொல்றீங்க. பள்ளிக்கூடத்து மேப்புல பாத்தேன், கடுகாட்டம் இருக்கு" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அடையாளம் கேட்டுக்கொண்டேன். இடது புருவத்தில் தழும்பு, ஆள் கறுப்பு, சிரித்தால் நன்றாயிருப்பான். பஸ் கிளம்பும்போது ஒரு கை நெத்திலிக் கருவாட்டைப் பேப்பரில் மடித்து, அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு போகாதே என்று என் பையில் திணித்துவிட்டார்.

கருவாட்டு வாசனையோடு போய் இறங்கியதில் அக்கா ரீத்தாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அன்றைக்கே அதைக் கத்திரிக்காய் போட்டுக் குழம்பு வைத்துவிட்டாள். சிங்கப்பூரில் என் அறையில் இதைப் பொரித்தால் பக்கத்து அறைக்காரன் போலீஸைக் கூப்பிடுவான். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு, "சரி அத்தான், சைக்கிள் எங்க?" என்றேன்.

"சைக்கிளா?" என்றார் அத்தான். "பின்னால வா."

மாட்டுக் கொட்டகையில் நின்றது என்ன வண்டி என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய ஜீப்பின் அச்சு, பம்புசெட்டின் டீசல் என்ஜின், நான்கு பக்கமும் டிராக்டரின் சின்னச் சக்கரம், உட்கார மரப்பலகை. டாஷ்போர்டும் கிடையாது, கூரையும் கிடையாது. பின்னால் நீளமாக ஒரு தகரப் பெட்டி, அதன் அடியில் சாண் சாணுக்கு ஓட்டை. மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்துப் போவதால் ஊரில் அதற்குத் தவளை என்று பெயர் வைத்திருந்தார்கள். மன்னார்குடி லேத்துப் பட்டறையில் நாலு மாசம் உட்கார்ந்து அத்தானே செய்தது.

தவளையின் வேலை விதைப்பது. ஆற்றுத் தண்ணீரை நம்பி நாற்று விட முடியாத கடைமடைப் பகுதியில், காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பார்கள். எல்லோரும் கையால் தெளிப்பார்கள். அத்தானுக்கு வரிசையாக விழவேண்டும், அப்போதுதான் களை எடுக்க வசதி. லாரியிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார் ஒன்று அந்தப் பெட்டியைக் குலுக்கிக்கொண்டே இருக்கும், நெல் ஒரே சீராகக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே எல்லாம் வண்டியின் வேகத்தில் இருந்தது. மெதுவாகப் போனால் விதை குவியும், வேகமாகப் போனால் வழுக்கை விழும். மூன்று வாரத்துக்கு முன்னால் கண் மதிப்பில் ஓட்டிப் பார்த்து இரண்டையுமே செய்துவிட்டார். பக்கத்து வயல் கோவிந்தராசு வரப்பில் நின்று சிரித்த சிரிப்பு இன்னும் தன் காதில் கேட்கிறது என்றார்.

"இப்ப கையில இருக்கறது ரெண்டு மூட்டை வெதை. எட்டு மா பாக்கி. மூட்டைக்கு நாலு மா வந்தாவணும். வேற யாரு வீட்டுலயும் மிச்ச வெதை கெடையாது" என்றார். அந்தப் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர்.

மிச்சத்தை அக்கா அடுப்படியில் சொன்னாள். தவளை ஒழுங்காக விதைத்துக் காட்டினால் சுற்றுவட்டாரத்தில் அதை வாடகைக்குக் கூப்பிட ஆள் இருக்கிறது. காட்டாவிட்டால் அத்தான் கட்டட வேலைக்கு வெளிநாடு போவதாக முடிவு. மன்னார்குடிக்குச் சனிக்கிழமை ஏஜெண்ட் வருகிறான், பாஸ்போர்ட்டை அன்றைக்குக் கொடுத்தாகவேண்டும்.

"ரெண்டு வருஷமா வெள்ளாமை இல்ல, அவரும் என்னதான் பண்ணுவாரு. ஆனா போனவங்க யாருடா ரெண்டு வருஷத்துல திரும்பி வந்திருக்காங்க? நீ எப்படியாச்சும் அந்த மீட்டர சரியா மாட்டிக் குடுத்துடு."

சைக்கிள் மீட்டருக்கு இவ்வளவு பெரிய பொறுப்பை யாரும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு மத்தியானம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். காந்தத்தைக் கட்டக் கம்பி தேடினால் தவளைக்குக் கம்பியே இல்லை, முழு இரும்புச் சக்கரம். தேவையும் இருக்கவில்லை, முன் சக்கரத்தின் உள்பக்கம் கொண்டுபோனதுமே காந்தம் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. அக்கா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். சென்சாரை அச்சோடு சேர்த்துச் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டினேன்.

அடுத்தது சுற்றளவு. மீட்டரோடு வந்த புத்தகத்தில் எல்லாச் சைக்கிள் சக்கரத்துக்கும் அளவு போட்டிருக்கிறது, தவளைக்குப் போடவில்லை. நாமே அளக்கவேண்டியதுதான். டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு, அதற்கு நேர் கீழே சிமெண்டுக் களத்தில் ஒரு கோடு. வண்டியைத் தள்ளி, டயர்க் கோடு மறுபடியும் தரையைத் தொடுகிற இடத்தில் இன்னொரு கோடு. இடையில் இருப்பதுதான் ஒரு சுற்று. அத்தான் உடனே நூலை எடுத்து டயரைச் சுற்றி அளக்கக் கிளம்பினார். வேண்டாம் என்று தடுத்தேன். ஆள் உட்கார்ந்து, பெட்டியில் மூட்டையும் ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும், சுற்றளவு குறையும். ஓடுகிற நிலைமையில்தான் அளக்கவேண்டும். அவரை விதை மூட்டையோடு ஏற்றி உட்காரவைத்து, நானும் கோவிந்தராசுவும் தள்ளினோம். சிரித்த ஆள் தள்ளத்தான் வேண்டும் என்று அத்தான் அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்திருந்தார்.

ஒரே சுற்றை நம்பாமல் பத்துச் சுற்று தள்ளி, அக்காவின் தையல் டேப்பால் அளந்து பத்தால் வகுத்தேன். ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் இருபத்தாறு சென்டிமீட்டர். மில்லிமீட்டராக மாற்றி மீட்டரில் ஏற்றினேன். சரிபார்க்க ரோட்டுக்குப் போய், ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு ஓட்டினோம். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தே எங்களைச் செவிடாக்கப் பார்த்தான். ஆனால் கல்லைத் தொட்டபோது மீட்டரும் ஒரு கிலோமீட்டர்தான் காட்டியது. அத்தான் பலகையிலிருந்து எட்டி என் முதுகில் ஒரு அறை வைத்தார், இரண்டு நாள் வலித்தது.

பிற்பாடு களத்தில் படுதா விரித்து, மேலே நெல்லைக் கொட்டவிட்டு ஓட்டி, விழுந்ததைப் பொறுக்கி எண்ணி, மறுபடியும் ஓட்டினோம். மணிக்கு நாலு கிலோமீட்டரில் போனால் மூட்டைக்கு நாலு மா என்று வந்தது. அது மனிதன் சாவகாசமாக நடக்கிற வேகம். கோவிந்தராசு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எங்கப்பா இந்தக் கையாலதான் வெதைக்கச் சொல்லிக்குடுத்தாரு. இதுக்குப் பாட்டரி வேணாம்" என்று தன் உள்ளங்கையைக் காட்டிவிட்டுப் போனார். நான் அவரை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைத்தெருவுக்குப் போய் பருப்பு வடையும் டீயும் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் வானம் மூடிக்கொண்டிருந்தது. இன்றோ நாளையோ மழை என்றார்கள். முதல் மூட்டையைப் பெட்டியில் கொட்டிக் கிழக்குத் துண்டில், எட்டு மாவில் பாதியான நாலு மாவில், தவளை இறங்கியது. அத்தான் மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் கூடவே நடந்தேன்.

நடந்தேன் என்பது கூடப் பெருமைதான். நின்று நின்று போனேன்.

"என்ன மாப்ள, எருமை மாதிரி போவுது?" என்றார் அத்தான்.

"நாலு காட்டுதா?"

"நாலுதான் காட்டுது."

"அப்ப நாலுதான் அத்தான். ரோட்டுல போறதுக்கும் புழுதியில போறதுக்கும் அப்படித்தான் தெரியும். மீட்டர் பொய் சொல்லாது."

வரப்பிலிருந்து கோவிந்தராசு, "அருளு, நான் ஒரு நடை போயிட்டுத் திரும்பியே வந்துட்டேன், நீ இன்னும் அங்கயே நிக்கிற" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கைநாட்டு ஆசாமிக்குக் கணக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

வயலின் பாதியில் பெட்டி காலி.

அத்தான் என்ஜினை அணைத்தார். இரண்டு மா முழுக்க நெல் கொட்டிக் கிடந்தது, மீதி இரண்டு மா வெறும் புழுதி. அவர் பலகையில் உட்கார்ந்தபடி மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திட்டியிருந்தால் தேவலை.

நான் சக்கரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டேன். சென்சார் சரி, காந்தம் சரி, டப்பாவில் சுற்றளவும் சரி. எதற்கும் இருக்கட்டும் என்று சக்கரத்தைச் சுற்றிலும் கையால் தடவிக்கொண்டே போனேன். என் காந்தத்துக்கு நேர் எதிரே, சக்கரத்தின் உள்பக்கத்தில், ரூபாய் நாணயம் அளவுக்கு இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிப் பார்த்தேன். வேளாங்கண்ணி மாதா. வண்டிக்காரர்கள் டாஷ்போர்டில் வைப்பார்களே, அடியில் காந்தம் வைத்த படம், அதுதான்.

எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு சுற்றுக்கு இரண்டு காந்தம் கடந்திருக்கிறது, டப்பா இரண்டு சுற்று என்று எண்ணியிருக்கிறது. இரண்டு கிலோமீட்டரில் போனதை நாலு என்று காட்டியிருக்கிறது. இந்த ஊரில் மாதா படத்தைச் சக்கரத்தில் ஒட்டுகிற ஆள் ஒருத்திதான். தலையைத் தூக்கினேன். டீத் தூக்குவாளியோடு அக்கா வரப்பில் நின்றிருந்தாள், என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்து, "தப்பு என்னுதுதான் அத்தான். கணக்குல ஒரு இடத்துல ரெண்டால பெருக்கிட்டேன். இப்ப சரியாயிடும்" என்றேன்.

"அவன் பொய் சொல்றான்" என்றாள் அக்கா. தூக்குவாளியை வரப்பில் வைத்துவிட்டு வயலுக்குள் இறங்கி வந்தாள். "நாந்தான் வச்சேன். நேத்து சாயங்காலம், நீங்க ரெண்டு பேரும் டீக்கடைக்குப் போயிருந்தப்ப. இவன் வச்சது ஒட்டுச்சே, இதுவும் ஒட்டும்னு வச்சேன். இவனுதுக்கு எடஞ்சலா இருக்கக் கூடாதுன்னு எதிர்ப்பக்கமா வச்சேன்."

"எதுக்குடி?" என்றார் அத்தான்.

"நீங்க போவக் கூடாதுன்னுதான்."

சொல்லிவிட்டு அந்தப் புழுதியில் நின்று அழுதாள். கோவிந்தராசு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்காவுக்கும் மீட்டருக்கும் நடுவில் இப்படி ஒரு சங்கதி நடக்கும் என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறான்?

அத்தான் என்னிடம் கையை நீட்டினார். படத்தைக் கொடுத்தேன். வேட்டித் தலைப்பில் புழுதியைத் துடைத்து, தகரப் பெட்டியின் மேல் வைத்தார், அது டக்கென்று ஒட்டிக்கொண்டது. "இங்க இருக்கட்டும். சக்கரத்துல வேணாம்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மாப்ள, ரெண்டாவது மூட்டைய எடு" என்றார்.

மேற்குத் துண்டு நாலு மா, கடைசி மூட்டை. இந்தத் தடவை எடுத்ததுமே நடை எனக்குச் சரியாகப் பட்டது, புழுதியில் ஓரெட்டு ஓரெட்டாக வண்டியோடு ஒட்டிப் போக முடிந்தது. ஆனாலும் பயம் விடவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். பாதி வயலில் பாதி நெல் இருந்தது. முக்கால் வயலில் கால்வாசி. கடைசி இரண்டு நடைக்கு அக்கா பெட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டே கூட வந்தாள். வரப்பைத் தொட்டு நின்றபோது உள்ளே இருந்தது இரண்டு கைப்பிடி.

கோவிந்தராசு இறங்கி வந்தார். உட்கார்ந்து ஒரு சாண் நீளத்துக்குப் புழுதியைக் கிளறி விதையை எண்ணினார். தள்ளிப் போய் இன்னொரு இடம், அப்புறம் நடு வயலில் ஒரு இடம். நாங்கள் மூன்று பேரும் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி நின்றோம்.

"அருளு, நாளைக்குக் காலையில நம்ம வயலுக்கு வண்டிய கொண்டாந்துடு" என்றார். கொஞ்சம் யோசித்து, கிழக்கே கையைக் காட்டி, "அங்க கெடக்கறத அழிக்காத. மழை பெஞ்சு மொளைச்சா அது வெதப்பு இல்ல, நாத்தங்கால். பறிச்சு அந்தக் காலி ரெண்டு மாவுல நட்டுடலாம். நட ஆளு நான் கொண்டாறேன்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. அதற்குப் பதிலாக அக்கா கொண்டுவந்திருந்த டீயை முதலில் அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். ஆறிப் போயிருந்தது, முழுக்கக் குடித்தார்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அரை மணி நேரம், நிதானமான மழை, விதைக்குப் போதும் என்றார்கள். மழை விட்டதும் அத்தான் பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தார். அவள் வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்து மூடிவிட்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கெண்டை மீன் வறுவல், அத்தான் முள் எடுத்து அக்கா தட்டில் வைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

சனிக்கிழமை காலையில் ஏஜெண்ட் மன்னார்குடியில் காத்திருந்திருப்பான். அத்தான் கோவிந்தராசுவின் மேட்டு வயலில் தவளையை ஓட்டிக்கொண்டிருந்தார். மழை ஈரத்தைக் கொஞ்சம் காயவிட்டு, சக்கரத்தில் ஒட்டுகிற மண்ணை நடைக்கு நடை குச்சியால் தள்ளிவிட்டுப் போகச் சொல்லியிருந்தேன். மண் அப்பினால் சுற்றளவு மாறிவிடும். என்னை வழியனுப்ப அக்கா மட்டும் பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். நடந்து வருகிற வழியெல்லாம் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மீட்டரைப் பற்றி, மழையைப் பற்றி, முருகையனைத் தேடிப் பார்க்கச் சொல்லி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள்.

தூரத்தில் பஸ் தெரிந்ததும் என் சட்டைக் காலரைச் சரிபண்ணிவிட்டாள்.

"அடுத்த வருஷம் வரேன்க்கா" என்றேன்.

"எட்டு வருஷத்துக்கு முன்னால நீ கெளம்புனப்பவும் எதையாச்சும் வச்சுப் பாத்திருக்கணும்டா" என்றாள். "எனக்குத் தோணாமப் போச்சு."